ஒரு பழைய கம்பளிப் பாவாடை, ஒரு வேஸ்ட்கோட்

கம்பளித் துணியில் கை வைக்கப் பயப்படுகிறவர்கள் முதலில் தைக்க வேண்டியது வேஸ்ட்கோட்தான். கோட்டு தைப்பதில் பாதி உழைப்பு கைக்கும் காலருக்கும் போய்விடும். வேஸ்ட்கோட்டில் இரண்டும் கிடையாது. முதுகுப் பக்கம் கம்பளியே அல்ல, லைனிங் துணி. கம்பளியில் வெட்ட வேண்டியவை முன்பக்கத்து இரண்டு துண்டுகள், அவற்றுக்கு உள்பட்டி, பாக்கெட்டுக்குச் சில கீற்றுகள், அவ்வளவே. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் முக்கால் மீட்டர் இருந்தால் தாராளம். அந்த முக்கால் மீட்டரையும் ஜவுளிக்கடையில் வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

நான் குடியிருப்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷரில். ஹடர்ஸ்ஃபீல்ட், பிராட்ஃபோர்ட், லீட்ஸ் எல்லாம் கம்பளி ஆலைகளால் பெருத்த ஊர்கள். ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆனாலும் ஹடர்ஸ்ஃபீல்டில் இன்றும் உயர்ந்த ரகச் சூட்டுத் துணி நெய்கிறார்கள். ஊர்ப் பெயரைக் கரையிலேயே எழுத்தாக நெய்து விடுவார்கள். அதை மீட்டர் கணக்கில் வாங்கினால் வீட்டு வாடகை இடிக்கும். அதே ரகத் துணி, யாரோ உடுத்திக் கழித்த பாவாடையாகவும் கால்சட்டையாகவும், இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் சாரிட்டி ஷாப்புகளில் தொங்குகிறது. மக்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகும் பழைய துணிமணிகளை விற்று அறப்பணிக்குப் பணம் சேர்க்கும் கடைகள் அவை.

எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மாமா திருநெல்வேலிப் பக்கம். பம்பாயில் சூட்டு தைக்கும் கடை ஒன்றில் பதினைந்து வருஷம் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும்தான் தைத்தார். ஆனாலும் பம்பாய்ப் பாடத்தை மறக்கவில்லை. "கம்பளிய பாதி மிஷின்லயும் பாதி இஸ்திரியிலயும் தைக்கணும்லே" என்பார். அன்றைக்குப் புரியவில்லை. இங்கே வந்து மூன்று துணியைப் பாழாக்கிய பிறகு புரிந்தது.

எந்தக் காலத்து வேஸ்ட்கோட்?

வேஸ்ட்கோட் பிறந்த நாள் தெரிந்த அபூர்வமான உடுப்பு. 1666 அக்டோபரில், லண்டன் மாநகரம் தீப்பிடித்து எரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, இரண்டாம் சார்லஸ் மன்னர் இனி இதைத்தான் உடுத்தப்போவதாக அறிவித்தார். சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. அப்போது அது முழங்கால் வரை நீண்டிருந்தது. காலப்போக்கில் ஏறி ஏறி இடுப்புக்கு வந்து சேர்ந்தது. நாம் தைக்கப்போவது 1930, 1940களில் சாதாரண மனிதர் போட்ட வேஸ்ட்கோட்.

அதற்கும் இன்று கடையில் தொங்குவதற்கும் முக்கிய வித்தியாசம் நீளம். அந்தக் காலத்துக் கால்சட்டை தொப்புள் மட்டத்தில் நிற்கும். அதனால் வேஸ்ட்கோட் குட்டையாக இருக்கும். கீழே இரண்டு முனையும் கூராக இறங்கிக் கால்சட்டையின் மேல்விளிம்பை மூடும். இன்றைய கால்சட்டையோ இடுப்பெலும்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கணக்குத் தெரியாமல், பழைய படத்தைப் பார்த்து அதே குட்டை அளவில் என் முதல் வேஸ்ட்கோட்டைத் தைத்து, ஜீன்ஸுக்கு மேல் போட்டுக்கொண்டு வீடியோவில் மாமாவிடம் காட்டினேன். அவர் துணியைப் பார்க்கவில்லை, தையலைப் பார்க்கவில்லை. "என்னலே, சட்டை எட்டிப் பாக்குது?" என்றார். வேஸ்ட்கோட்டுக்கும் ஜீன்ஸுக்கும் நடுவே நாலு விரல் வெள்ளைச் சட்டை. ஆகவே எந்தக் கால்சட்டையோடு போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை உடுத்திக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். வேஸ்ட்கோட் கால்சட்டையின் மேல்விளிம்பை இரண்டு அங்குலமாவது மூட வேண்டும்.

முழு அலங்காரத்தோடு வேண்டுமென்றால் ஆறு பட்டன், நாலு பாக்கெட், முதுகில் பட்டியும் பக்கிளும் வைக்கலாம். முதல் தடவை தைப்பவருக்கு நான் சொல்வது யுத்தகால மாதிரி. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. அது போதாதென்று 1942-இல் தையலுக்கும் சட்டம் போட்டார்கள். வேஸ்ட்கோட்டுக்குக் காலர் கூடாது, பாக்கெட் இரண்டுக்கு மேல் கூடாது, பட்டன் ஐந்துக்கு மேல் கூடாது, முதுகுப் பட்டி கூடாது. கால்சட்டைக்கு அடிமடிப்புக்கூட வைக்கக்கூடாது என்றார்கள். ஆண்கள் அதிகம் முணுமுணுத்தது அதற்குத்தான். துணியும் உழைப்பும் மிச்சமாகட்டும் என்று அரசாங்கம் போட்ட அந்தப் பட்டியல், எண்பது வருஷம் கழித்து, புதிதாகத் தைப்பவருக்கு நல்ல பாடத்திட்டமாக இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் நான் மீறுவேன். முதுகுப் பட்டியை விடமாட்டேன். தைத்த பிறகு இடுப்பு கொஞ்சம் தளர்ந்தால் இழுத்துக் கட்ட அது ஒன்றுதான் வழி.

துணி வேட்டை

பழைய உடுப்புகளில் முதலிடம் பெண்களின் நீளமான கம்பளிப் பாவாடைக்கு. கடைகளில் அதற்குக் கிராக்கி இல்லை, விலையும் அடிமட்டம். கீழே விரிந்த பாவாடையில் பெரிய தட்டைத் துணி கிடைக்கும், குறுக்கே தையல் குறைவு, உள்ளே லைனிங் இருப்பதால் துணி தேய்ந்திருக்காது. அந்த லைனிங்கைக்கூடப் பாக்கெட் பைக்கு எடுத்துக்கொள்ளலாம். என் பையில் 13-க்கு 27 அங்குலமாக வெட்டிய செய்தித்தாள் ஒன்று எப்போதும் மடித்துக் கிடக்கும். பாவாடை மேல் அதை நேர் இழையில் இரண்டு முறை விரிக்க இடம் இருந்து, பக்கத்தில் ஐந்தங்குலக் கீற்று இரண்டுக்கும் இடம் இருந்தால் வாங்கிவிடுவேன். நாற்பதங்குல மார்புக்காரருக்கு அது போதும். பெரிய உடம்பானால் தாளையும் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் ஆண்களின் அகலக் கால்சட்டைக்கு. வேஸ்ட்கோட்டின் முன்துண்டு தோளில் குறுகி, கீழே அகலும். கால்சட்டையின் கால் தொடையில் அகன்று, கணுக்காலில் குறுகும். ஆகவே தோள் பக்கம் கணுக்காலை நோக்கியும் அடிப்பக்கம் தொடையை நோக்கியும் வைத்தால் இரண்டு பின்கால் துண்டிலிருந்து இரண்டு முன்துண்டு வந்துவிடும். நடுவில் ஓடும் பழைய இஸ்திரி மடிப்புதான் தொல்லை. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து நனைத்த துணியைப் போட்டு ஆவியில் அமுக்கிப் பாருங்கள். மடிப்பு போகாவிட்டால், அல்லது அந்தக் கோட்டில் பளபளப்பு ஏறியிருந்தால், அந்தக் கால்சட்டையை விட்டுவிட வேண்டியதுதான்.

கோட்டு கடைசி இடம். பார்க்கப் பெரிய துணி மாதிரி இருக்கும். பிரித்தால் டார்ட், பாக்கெட் வெட்டு, பசை ஒட்டிய கான்வாஸ் என்று உருப்படியான துண்டு ஒன்றும் தேறாது. ஓவர்கோட்டுத் துணியோ வேஸ்ட்கோட்டுக்கு அளவுமீறிய கனம். விளிம்பில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டு மிஷின் திணறும். ஆனால் கிழிந்த கோட்டை ஒதுக்காதீர்கள். கொம்பு பட்டன், குதிரைமயிர் கான்வாஸ், உள்பையின் துணி எல்லாம் அதிலிருந்து கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய உடுப்பின் உள்ளே வாய் திறந்த வட்டம் போன்ற இரண்டு 'சி' எழுத்தும் 41 என்ற எண்ணும் அச்சிட்ட முத்திரை இருந்தால் கத்தரியைக் கீழே வையுங்கள். அது யுத்தகாலத்து யூட்டிலிட்டி உடுப்பின் அடையாளம். சேகரிப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அதை விற்ற பணத்தில் புதுத் துணியே வாங்கலாம்.

சுத்தக் கம்பளியா என்று தெரிந்துகொள்ள வூல்மார்க் முத்திரையைப் பாருங்கள். 1964-இல் வந்தது அது. சீட்டு கிழிந்துபோன உடுப்பென்றால் தையல் உள்ளிலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி, இரண்டையும் தனித்தனியே நெருப்பில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பாவு ஒன்றாகவும் ஊடை வேறாகவும் இருக்கும் துணிகளும் உண்டு. அதனால்தான் இரண்டையும் எரிக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சூட்டிங் கடைக் கட்பீஸ்களில் டெரிவூல் கேட்டால் கிடைக்கும். அது பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்தது. கொடைக்கானல் குளிருக்கு மோசமில்லை. ஆனால் இஸ்திரிக்குச் சுத்தக் கம்பளி வளைவதுபோல் வளையாது.

நூல் உருவும்போது அது சின்னச் சின்ன நாராக உதிர்ந்து அறுந்தால் பழங்கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற துணி என்று சந்தேகப்படலாம். ஷாடி என்று பெயர். 1813-இல் இதே யார்க்‌ஷரின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கிவைத்த தொழில். இன்றைக்கு அந்த வேலைக்குப் பேர்போன ஊர் நம் பானிபட். போர்வைக்கு நல்லது. காஜாவுக்குத் தாங்காது.

இனி அந்துப் பூச்சி. கடையிலிருந்து கொண்டுவரும் எந்தப் பழைய கம்பளியையும் நேரே அலமாரியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். பாவாடையில் குண்டூசித் தலையளவு ஓட்டை இரண்டு இருந்தது, தைக்கும்போது ஒதுக்கி வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, அம்மா கொடுத்தனுப்பிய சால்வையை விரித்தால் சல்லடை. கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. அந்துருண்டை வாசனை போட்டால் போதும் என்று நம்பாதீர்கள். துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டைகளைச் சாக்கால் வட்டமிடுங்கள்.

காடாவில் ஒத்திகை

பேட்டர்னுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதே சாரிட்டி ஷாப்பில் உங்கள் அளவுக்கு ஏறக்குறைய ஒத்துவரும் மலிவான பாலியெஸ்டர் வேஸ்ட்கோட் ஒன்றை எடுங்கள். அதன் இடது பாதியைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, தாளில் வைத்து வரையுங்கள். வலது பாதியைப் பிரிக்காமல் வையுங்கள். எது எதோடு சேரும் என்று குழம்பும்போது பார்த்துக்கொள்ள அதுதான் ஆசான். அதன் பக்கிளும் நமக்கே.

அடுத்து, காடா துணியில் முழு வேஸ்ட்கோட்டையும் வெட்டிப் பெரிய தையலாக ஓட்டுங்கள். லைனிங் வேண்டாம், பாக்கெட் வேண்டாம். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பளிக்கு அரை மீட்டர் கூடுதலாகச் செலவழிப்பவர்களும் அவர்கள்தான். காடாவைப் போட்டுக்கொண்டு நேரே நின்று, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். சுற்றளவு மார்பளவைவிட இரண்டிலிருந்து மூன்றங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆம்ஹோலைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய வேஸ்ட்கோட்டில் அது அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருக்கும். இன்றைய ரெடிமேட்காரர்கள் எல்லா உடம்புக்கும் பொருந்தட்டும் என்று அதை இறக்கிவிடுகிறார்கள். அதனால்தான் கல்யாண வீட்டில் கை தூக்கும் மாப்பிள்ளைத் தோழனின் வேஸ்ட்கோட் முழுதும் மேலே ஏறுகிறது. அக்குளில் துணி சேர்க்க வேண்டியிருந்தால் காடாவில் ஒட்டுப் போட்டு உயர்த்துங்கள். கழுத்து 'வி' மார்பில் பிளந்து நின்றால் தோள் தையலில் கிள்ளிப் பிடியுங்கள். திருத்தம் எல்லாவற்றையும் பேனாவால் காடாவிலேயே எழுதுங்கள். பிறகு அதைப் பிரித்து, அதையே பேட்டர்னாக வைத்துக் கம்பளியை வெட்டுங்கள்.

வெட்டுக்கு முன் நீராவி

கம்பளி தண்ணீரையும் சூட்டையும் கண்டால் சுருங்கும். முடியின் மேல் இருக்கும் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால், வெந்நீரில் போட்டுக் கசக்கினால் துணி தடித்துக் குட்டையாகிவிடும், திரும்ப விரியாது. தைத்த பிறகு இஸ்திரியில் சுருங்குவதைவிட வெட்டுமுன் சுருங்கட்டும். பாவாடையைப் பிரித்து, ஈரமான பருத்தித் துணியை மேலே விரித்து, நீராவியில் முழுவதும் அமுக்கி, தட்டையாகவே ஓர் இரவு உலரவிடுங்கள்.

அமுக்குவது என்றுதான் சொன்னேன், தேய்ப்பது என்று சொல்லவில்லை. சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் கம்பளி இழுபட்டு உருமாறும். பெட்டியை வை, எண்ணு, தூக்கு, தள்ளி வை. நடுவில் எப்போதும் ஒரு துணி இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது பழைய எட்டுமுழ வேட்டியின் கால்வாசி. பல தடவை துவைத்து மெலிந்த வேட்டியைவிட நல்ல இஸ்திரித் துணி எந்தக் கடையிலும் விற்பதில்லை. பெட்டியைத் தூக்கியதும் தையல் மேல் வழவழப்பான மரக்கட்டை ஒன்றை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கட்டை ஆவியை உறிஞ்சிக்கொள்ளும், தையல் கத்தி மாதிரி படியும். சூடு ஆறுமுன் துணியை நகர்த்தாதீர்கள்.

வெட்டும்போது தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். பக்கத் தையலுக்கும் முதுகு நடுத் தையலுக்கும் ஓர் அங்குலம். பழைய தையல்காரர்கள் அப்படித்தான் விட்டார்கள், உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ள. கட்டம் போட்ட துணியானால் இரண்டு முன்துண்டையும் மடித்து ஒரே வெட்டாக வெட்டாமல் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். முதல் துண்டைத் திருப்பி வைத்துக் கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துப் பார்த்த பிறகு இரண்டாவது. லைனிங் ஒன்றரை மீட்டர் வேண்டும், முதுகு வெளிப்புறம், முதுகு உட்புறம், முன்பக்க உட்புறம் எல்லாம் சேர்த்து. விஸ்கோஸ் கிடைத்தால் அதை எடுங்கள். பாலியெஸ்டர் சாட்டின் வேர்க்கும்.

மிஷினில் 14-ஆம் நம்பர் ஊசி. ட்வீட் மாதிரிக் கனத்த துணிக்கு 16.

உள்ளே போவது

முன்துண்டுக்கு உள்ளிருந்து உடம்பு கொடுப்பது கான்வாஸ். 1940-களில் அதைக் கையால் தைத்துச் சேர்த்தார்கள். முதல் வேஸ்ட்கோட்டுக்கு மெல்லிய, நெய்த ஃப்யூசிங் ஒட்டினால் போதும், வெளியே யாருக்கும் தெரியாது. கழிவுத் துண்டில் ஒட்டிப் பார்த்து, கொப்புளம் வருகிறதா, அட்டை மாதிரி விறைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பெரிய துண்டுக்குப் போங்கள்.

ஃப்யூசிங்கைவிட முக்கியம் நாடா. கழுத்து 'வி' இழைக்குக் குறுக்கே ஓடுவதால் கை பட்டாலே நீளும். நீண்டால் மார்பில் வாய் பிளந்து நிற்கும். கால் அங்குல அகலப் பருத்தி நாடாவை எடுத்து, தோளிலிருந்து முதல் பட்டன் வரையுள்ள நீளத்தைவிடக் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். இரண்டு முனையையும் பின் குத்திவிட்டு, நடுவில் துணி லேசாகத் தளர்ந்து நிற்பதை விரலால் சமமாகப் பரப்பி, கையூசியால் தைத்துச் சேருங்கள். இப்போது ஆவி காட்டுங்கள். தளர்ந்து நின்ற துணி கண்ணெதிரே சுருங்கி நாடாவோடு படியும். பருத்தி இதைச் செய்யாது, பாலியெஸ்டர் செய்யவே செய்யாது. விளிம்பு மார்பின் வளைவுக்குள் தானே திரும்பி நிற்கும். மாமா சொன்ன இஸ்திரித் தையல் இதுதான்.

பாக்கெட்

வேஸ்ட்கோட் பாக்கெட்டின் வாயில் முக்கால் அங்குல உயரப் பட்டி ஒன்று நிமிர்ந்து நிற்கும். நாலரை அங்குல நீளம். இதைக் கெடுத்தால் முன்துண்டே போச்சு. அதனால் கழிவுத் துணியில் இரண்டு முறை பழகுங்கள்.

பட்டியை நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரமும் உள்ளே தைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள். முன்துண்டின் நல்ல பக்கத்தில் சாக்கால் வாய்க்கோடு போடுங்கள். பட்டியின் மடிப்பு கீழே பார்க்க, பிசிர் விளிம்பு மேலே பார்க்கக் கோட்டின் மேல் வைத்து ஒரு தையல். அதற்குச் சுமார் அரை அங்குலம் மேலே பாக்கெட் பையின் ஒரு துண்டை வைத்து இரண்டாவது தையல். இந்த இரண்டாவது தையல் இரு முனையிலும் ஒரு நூலளவு, எட்டில் ஒரு அங்குலம், குறைவாக நிற்க வேண்டும். ஏனென்றால் பட்டி மேலே நிமிரும்போது வாயின் மூலைகளை அது மூடியாக வேண்டும். இரண்டு தையலும் சம நீளமாக இருந்தால் மூலை வெளியே எட்டிப் பார்க்கும். நான் நாலு வேஸ்ட்கோட் தைக்கும் வரை இதைக் கவனிக்கவில்லை. இரண்டு தையலுக்கும் நடுவே முன்துண்டை மட்டும் வெட்டி, முனைகளில் தையலின் கடைசிக் குத்து வரை சரிவாக வெட்டுங்கள். ஒரு நூல் முன்னால் நின்றால் மூலை சுருங்கும், ஒரு நூல் தாண்டினால் ஓட்டை. பையை உள்ளே தள்ளி, பட்டியை நிமிர்த்தி, ஆவியில் அமுக்கி, பட்டியின் இரண்டு ஓரத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் கையால் தைத்துவிடுங்கள். பையின் மற்றத் துண்டை உள்ளே சேர்த்து மூடினால் ஆயிற்று.

தலையணை உறை

டார்ட்டும் பாக்கெட்டும் முடிந்த பிறகு எல்லாவற்றையும் சேர்ப்பது தலையணை உறையைத் திருப்புவது மாதிரிதான். முன்துண்டின் நல்ல பக்கத்தோடு உள்பட்டியும் லைனிங்கும் சேர்ந்த துண்டை வைத்து, முன் விளிம்பு, கழுத்து, அடி, ஆம்ஹோல் நாலையும் தையுங்கள். தோளும் பக்கமும் திறந்தே இருக்கட்டும். வளைவுகளில் தையலுக்கு முன்வரை சிறு வெட்டுகள் கொடுத்து, உள்மடிப்புகளை ஒன்றைவிட ஒன்று குறுக்கி வெட்டித் திருப்புங்கள்.

முதுகுக்கும் அப்படியே: வெளித்துண்டில் பட்டியை வைத்துத் தைத்து, உள்துண்டோடு கழுத்து, ஆம்ஹோல், அடி தையுங்கள். அடியில் ஐந்தங்குலம் திறந்து விடுங்கள், திருப்பாதீர்கள். திருப்பி முடித்த இரண்டு முன்பக்கத்தையும் திருப்பாத முதுகின் இரண்டு அடுக்குக்கும் நடுவே நுழையுங்கள். கம்பளிப் பக்கம் முதுகின் வெளித்துண்டைப் பார்க்க வேண்டும். தோளிலும் பக்கத்திலும் எல்லா அடுக்கையும் சேர்த்துத் தையுங்கள். இந்த நிலையில் கையில் இருப்பது கசங்கிய மூட்டை மாதிரி இருக்கும், எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றும். அடியில் விட்ட ஐந்தங்குலம் வழியாக இழுங்கள். வேஸ்ட்கோட் வெளியே வரும். திறப்பைக் கையால் மூடுங்கள்.

காஜா

ஆண்களுக்கானால் காஜா இடது முன்பக்கத்தில். மிஷின் காஜா தப்பில்லை. அதே அடுக்குக் கழிவுத் துண்டில் மூன்று போட்டுப் பார்த்துவிட்டு, கனத்த துணியானால் அடியில் மெல்லிய தாள் வைத்து ஓட்டுங்கள். கையால் எடுத்தால் அழகு வேறு. முறுக்குப் பட்டு நூலைத் தேன்மெழுகில் இழுத்து, தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி காட்டினால் சிக்காது. ஒரு காஜாவுக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. மாமாவுக்கு நாலு நிமிடம் ஆகும்.

கடைசிப் பட்டனைப் போடாமல் விடுவது மரபு. ஏழாம் எட்வர்டு மன்னரின் தொப்பைதான் காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த இடத்தில் துணி இரண்டு பக்கமும் விலகி வெட்டப்பட்டிருப்பதால் பட்டனைப் போட்டால் அடி இழுத்துச் சுருங்கும். காஜா மட்டும் எடுத்துவிடுங்கள்.

எனக்குக் கடைசியாக ஆன செலவு: பாவாடை 6 பவுண்டு, லைனிங் 5, ஃப்யூசிங்கும் நூலும் சேர்த்து 4. பட்டன் கிழிந்த கோட்டிலிருந்து, பக்கிள் பிரித்த வேஸ்ட்கோட்டிலிருந்து. மூன்று வாரக் கடைசிகள் உட்கார்ந்தேன். மூன்றாவது முழுக்கக் காஜாவுக்கே போனது.

முடித்த வேஸ்ட்கோட்டைத் துவைக்காதீர்கள். பிரஷ்ஷால் தூசி தட்டி, காற்றாட மாட்டினால் ஒரு குளிர்காலம் ஓடும். காடாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருத்தமெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. அடுத்த வேஸ்ட்கோட்டை அதிலிருந்துதான் வெட்டப்போகிறீர்கள்.